ஹீட் பல்புக்குக் கட்டிய நூல்

1. டீ கிளாஸில் போட்ட பல்பு

ஹீட் பல்பு வெளிச்சம் தராது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கண்ணாடி எங்கே என்று தேடியிருக்கிறேன்.

இப்போது லாரி ஷெட்டுக்கு வருகிற பிள்ளைகள் சென்சார் என்கிறார்கள். எங்கள் காலத்தில் ஹீட் பல்பு என்றுதான் பேர். கட்டைவிரல் அளவு பித்தளைத் துண்டு. ஒரு பக்கம் மரை, நடுவில் ஸ்பானர் பிடிக்க ஆறு பட்டை, தலையில் வயர் மாட்ட ஒரு பின். இன்ஜினில் தண்ணீர் ஓடுகிற இடத்தில் திருகி வைத்திருப்பார்கள். தண்ணீர் சூடானால் டிரைவருக்கு முன்னால் இருக்கிற மீட்டரில் முள் ஏறும். முள் நடுவில் நின்றால் நிம்மதி. சிவப்புக்குப் போனால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். ஓரங்கட்டாத டிரைவர் முதலாளியிடம் வேறு வேலை கேட்க வேண்டும், ஏனென்றால் இன்ஜின் ஹெட் போயிருக்கும்.

நான் பள்ளிக்கூடம் போனது இரண்டு வருஷம். பேர் எழுதுவேன், பஸ் போர்டு படிப்பேன், இதைப்போல மெதுவாக எழுத்துக் கூட்டி எழுதவும் செய்வேன். இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அந்தத் தகுதியோடு இருபத்தெட்டு வருஷம் லாரி ஷெட்டில் வேலை பார்த்தேன்.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு ரைஸ்மில். மில்லுக்குச் சொந்தமாக மூன்று லாரி. மில்லுக்குப் பின்பக்கமே லாரி ஷெட். நான் நெல் அவிக்கிற தொட்டியில் வேலை. உமியைப் போட்டு எரித்து, தொட்டித் தண்ணீரைச் சூடு பண்ணி, நெல்லைக் கொட்டி எடுக்க வேண்டும். சூடு குறைந்தால் அரிசி நொறுங்கும், கூடினால் நெல் வெடித்துவிடும். தெர்மாமீட்டரெல்லாம் கிடையாது. தண்ணீரின் முகத்தைப் பார்த்தே சொல்வேன்.

ஒரு நாள் உமிக் கூடையோடு ஷெட்டு வழியாகப் போகிறேன். பழைய மேஸ்திரி ஒரு டீ கிளாஸில் ஹீட் பல்பைப் போட்டு, அதிலிருந்து வயர் இழுத்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் டிரைவர் காதர் பாய், முத்துப்பேட்டைக்காரர், வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார்.

"பல்பு செத்துப்போச்சு பாய். முள் அசையவே இல்ல."

"டீ செத்துப்போச்சுன்னு சொல்லுங்க மேஸ்திரி. கடையிலேர்ந்து வரும்போதே ஆறிப்போச்சு."

நான் போகிற போக்கில் சொன்னேன். "சூடு வேணும்னா தொட்டிக்குக் கொண்டாங்க. டீயை ஏன் வீணாக்குறீங்க?"

மேஸ்திரி கோபப்படவில்லை, பல்பைக் கொண்டு வந்தார். கம்பியில் கட்டித் தொட்டியில் இறக்கினேன். முள் மெல்ல எழுந்து பாதி வரைக்கும் வந்து நின்றது. நல்ல பல்பைத் தூக்கிப் போடப் பார்த்திருக்கிறார். அன்று முதல் எந்தப் பல்பு வந்தாலும், "பாக்கியத்தைக் கூப்பிடு" என்றார்கள். சூட்டு வேலை, கை சுடும், சம்பளம் கூடக் கிடையாது. ஆகவே பொம்பளைக்கு ஏற்ற வேலை என்று எல்லாருக்கும் ஒரு மனதாகப் பட்டது. கொஞ்ச நாளில் பல்பைக் கழற்றுவதும் மாட்டுவதும் என் வேலையாகிவிட்டது. பெஞ்சில் எனக்கென்று ஒரு ஓரம் கிடைத்தது.

2. எதை எப்படித் தெரிந்துகொள்வது

பழைய டீசல் வண்டியில் மூன்று விதம் பார்த்திருக்கிறேன்.

ஒன்று குழாய் பல்பு. பல்பிலிருந்து மீட்டர் வரைக்கும் மெல்லிசான செம்புக் குழாய் போகும். வயர் என்று நினைத்து அதை வெட்டி ஒட்டப் பார்த்த மெக்கானிக் உண்டு. வெட்டினால் மீட்டரோடு சேர்த்துப் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது மீட்டர் பல்பு. ஒரு வயர்தான் இருக்கும். மற்ற வயரின் வேலையை இன்ஜின் இரும்பே பார்க்கும். அதனால் மரையில் சணலும் பெயிண்டும் சுற்றி இறுக்கக் கூடாது. செம்பு வாஷர் போதும். கசியக் கூடாதே என்று பயந்து சுற்றினால், தண்ணீர் கசியாது, கரண்டும் பாயாது. இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போது முள் குளிர்ச்சியாகப் படுத்திருக்கும்.

மூன்றாவது விளக்கு பல்பு. இது மீட்டருக்கு அல்ல, டேஷ்போர்டில் எரிகிற எச்சரிக்கை விளக்குக்கு. ஒரு சூடு வரைக்கும் சும்மா இருக்கும், அந்தச் சூடு வந்ததும் உள்ளே இரண்டு முனையும் ஒரேயடியாகச் சேர்ந்துவிடும். இதைக் கொண்டுபோய் மீட்டரில் மாட்டினால் முள் படுத்தே கிடந்து, திடீரென்று எகிறிச் சிவப்பில் அடிக்கும்.

இரண்டாவதும் மூன்றாவதும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதே மரை, அதே தலை. பட்டையில் இங்கிலீஷில் நம்பர் வெட்டியிருப்பார்கள். படித்தவர்களுக்கு அது வசதி. ஆனால் பத்து வருஷம் எண்ணெயிலும் துருவிலும் கிடந்த பல்பில் அவர்களாலும் படிக்க முடியாது. அந்த விஷயத்தில் நானும் படித்தவர்களும் ஒன்று.

அதனால் எந்தப் பழைய பல்பு வந்தாலும் தொட்டியில் இறக்கிப் பார்த்து, தலையில் ஒரு நூல் கட்டிவிடுவேன். பழைய சேலைக் கரையிலிருந்து பிரித்த நூல். மீட்டர் பல்புக்குச் சிவப்பு, விளக்கு பல்புக்கு மஞ்சள். மாட்டும்போது நூலைக் கழற்றிவிடுவேன். எல்லாப் பல்பும் ஒரே பிஸ்கட் டின்னில் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் யோசிக்காமல் எடுப்பேன்.

3. ஆயுதபூஜைக்குச் சுத்தம் செய்தது

பழைய மேஸ்திரி வேலையை விட்டுப் போனார். அவர் இடத்துக்குத் தஞ்சாவூரிலிருந்து தங்கராசு வந்தார். ஐ.டி.ஐ. படித்தவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். பகுத்தறிவுக்காரர். நெற்றியில் விபூதி வைத்தவர்களைப் பார்த்தால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார். அவருடைய மச்சான் ஆளுங்கட்சியில் கிளைச் செயலாளர். ஆனால் தங்கராசு அதைச் சொல்லிக்கொண்டு திரிகிற ஆள் இல்லை. என்னை "அக்கா, வாங்க போங்க" என்றுதான் கூப்பிடுவார். மில்லில் என்னை வாங்க என்று சொன்ன முதல் ஆம்பளை அவர்தான். அதனால் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. பின்னால் நடந்ததற்குப் பிறகும் உண்டு.

அந்த வருஷம் குறுவை அறுப்பும் ஆயுதபூஜையும் ஒன்றாக வந்தன. எங்கள் ஊரில் அறுப்புக் கூலி கேட்டு ஸ்டிரைக். எங்கள் வீட்டுக்காரர் கோவிந்தன் சங்கத்தில் முன்னால் நிற்கிற ஆள். ஊர் மிராசுதார், உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து இறந்துபோன பெரியப்பா பேரில்கூட நிலத்தை வைத்திருந்தவர், கூலியை உயர்த்த முடியாது, கட்டுபடியாகாது என்றார். வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்தார். அந்த நெல்லை ஏற்ற எங்கள் மில் லாரியைத்தான் கேட்டிருந்தார்.

பூஜைக்கு மூன்று நாள் முன்பே நெல் அவியலை நிறுத்திவிட்டார்கள். நான் ஊருக்குப் போய்விட்டேன். ஷெட்டில் சாமான்களைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். தங்கராசுக்குப் பூஜையில் நம்பிக்கை இல்லை. ஆனால் சுத்தத்தில் ரொம்ப நம்பிக்கை. முதலாளி சந்தனம் பூசட்டும், நாம் டீசலில் கழுவுவோம் என்று ஒவ்வொரு சாமானாக எடுத்துத் துடைத்திருக்கிறார். பிஸ்கட் டின்னைத் திறந்தால், பித்தளைப் பல்புகளின் கழுத்தில் சிவப்புக் கயிறும் மஞ்சள் கயிறும்.

ஏதோ வேண்டுதல் கயிறு என்று நினைத்துவிட்டார். இன்ஜின் சூடாகக் கூடாது என்று பாக்கியம் அக்கா எந்த அம்மனுக்கோ நேர்ந்துகொண்டு கட்டியிருக்கிறாள் என்று. மனசு நொந்து, ஒன்று விடாமல் எல்லா நூலையும் அறுத்துப் போட்டு, பல்புகளைப் பளபளவென்று துடைத்து வரிசையாக அடுக்கி வைத்துவிட்டார்.

பூஜைக்கு மறுநாள் மூன்றாம் நம்பர் லாரியில் மீட்டர் வேலை செய்யவில்லை. தங்கராசு டின்னிலிருந்து நல்லதாகப் பார்த்து ஒன்றை எடுத்து மாட்டினார். வண்டி எங்கள் ஊருக்கு நெல் ஏற்றப் புறப்பட்டது.

4. வாய்க்கால் பாலம்

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஸ்டிரைக் ஆட்கள் வாய்க்கால் பாலத்துக்கு இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். நானும் பொம்பளைகளோடு நிற்கிறேன். முன்னால் போலீஸ் ஜீப் ஆமை மாதிரி ஊர்ந்து வருகிறது. பின்னால் மூட்டை அடுக்கின லாரி, முதல் கியரில் உறுமிக்கொண்டு. மறிக்கக் கூடாது, மறித்தால் அடி விழும் என்று முன்னாடியே சொல்லிவிட்டார்கள். எல்லாரும் கோஷம் மட்டும் போட்டுக்கொண்டு நின்றோம்.

பாலத்தின் நடுவில் வந்ததும் லாரி தானாக நின்றது.

காதர் பாய் இறங்கினார். பானட்டைத் தூக்கினார். ஒரு கல்லில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து ஓடி வந்தார்.

"யோவ், ஏன்யா நிறுத்தின? எடு வண்டிய!"

"மீட்டர் சிவப்புல நிக்குது சார். எடுத்தா ஹெட் போயிடும். ஆறட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"அது இன்ஜின் கையில இருக்கு சார்."

பாலத்தின் நடுவில் நின்ற லாரியை யாரும் மறிக்கவில்லை, ஆனால் யாரும் நகரவும் முடியவில்லை. ஜீப் பாலத்துக்கு அந்தப் பக்கம், லாரி பாலத்தின் மேல், நடுவில் எங்கள் ஆட்கள். ஆறவிட்டு எடுக்கப் பார்த்தபோதெல்லாம் முள் மறுபடியும் சிவப்புக்கு எகிறியது. சாயங்காலத்துக்குள் தாசில்தார் வந்தார், மிராசுதார் வந்தார். பாலத்திலேயே பேச்சு நடந்தது. கேட்ட கூலி கிடைத்தது. மூட்டையை இறக்கிக் களத்திலேயே கூலி நெல் அளந்தார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் கூட்டத்தில் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எதற்காகச் சிரித்தார் என்று மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

5. தொட்டியில் இறக்கிய சாட்சி

மறுநாள் நான் வேலைக்குப் போனபோது மில் வாசலில் ஜீப் நிற்கிறது. சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியில், முதலாளி நின்றுகொண்டு.

"ஏம்மா, நீதான் அந்த சங்கத்தாளு கோவிந்தன் பெண்சாதியா?"

"ஆமாங்க."

"லாரியில சூடு காட்டுற சாமானை மாட்டுறது நீதானாமே?"

"ஆமாங்க. ஆனா நேத்து நான் மாட்டல."

முதலாளி குறுக்கே வந்தார். "சார், இந்தக் கைவேலை இவளை விட்டா இந்த மில்லுல யாருக்கும் தெரியாது."

எட்டு வருஷமாக அவர் வாயிலிருந்து வராத பாராட்டு, வழக்குப் போடுகிற அன்றைக்கு வந்தது.  சதி என்று எழுதினால் ஜெயில். வீட்டில் இரண்டு பிள்ளைகள். அதைவிட, இந்த வயதில் மறைத்து என்ன, பாக்கியம் தப்பான பல்பை மாட்டினாள் என்று ஊரே சொல்லுமே என்பதுதான் முதலில் சுட்டது.

"ஐயா, அந்தப் பல்பைக் கழட்டிக் கொண்டாரச் சொல்லுங்க. அதையே கேப்போம்" என்றேன்.

"பல்பு பேசுமா?"

"தண்ணியில போட்டா பேசுங்க."

தொட்டிக்கு அடியில் உமியைத் தள்ளினேன். காதர் பாய் பேட்டரியும் மீட்டரும் கொண்டுவந்து வைத்தார். தங்கராசு லாரியிலிருந்து பல்பைக் கழற்றி வந்தார். அவர் முகம் அப்போதே வாடியிருந்தது. பல்பில் வயர் கட்டி இறக்கினேன். தண்ணீர் வெதுவெதுப்பானது, முள் அசையவில்லை. கை பொறுக்காத சூடு வந்தது, முள் அசையவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

தொட்டியின் ஓரத்தில் தண்ணீர் சின்னச் சின்னக் குமிழியாகக் கண் விட ஆரம்பித்தது. மூட்டை ஏற்றி முதல் கியரில் போகிற லாரியில் தண்ணீர் வழக்கமாக வருகிற சூடுதான் அது, இன்ஜினுக்குக் கெடுதல் இல்லை. "இப்பப் பாருங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் முள் எகிறிப்போய்ச் சிவப்பில் அடித்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஒரு அடி பின்னால் போனார்.

"இது விளக்கு பல்புங்க. ஏதோ சின்ன கார்லேர்ந்து கழட்டினது. நான் இதுக்கு மஞ்சள் நூல் கட்டி வச்சிருந்தேன். மீட்டருக்கு மாட்டுறது இது." வேறொன்றை இறக்கினேன். முள் மெதுவாக, மரியாதையாக ஏறி நடுவில் நின்றது.

"நூல் எங்க?"

தங்கராசு முன்னால் வந்தார். "நான்தான் சார் அறுத்தேன். மாட்டினதும் நான்தான்." என் பக்கம் திரும்பினார். "சாமிக் கயிறுன்னு நினைச்சுட்டேங்க்கா."

"எந்தச் சாமி தம்பி டீசல் லாரிக்கு இறங்கி வருது? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா புண்படுவீங்கன்னு..."

காதர் பாய் சிரித்துவிட்டார். "மேஸ்திரி, மூடநம்பிக்கையை ஒழிக்கப் போய் நீங்க ஒரு ஸ்டிரைக்கையே ஜெயிக்க வச்சுட்டீங்க!"

சப்-இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார். "பேரென்ன? யாருய்யா நீ?" முதலாளி குனிந்து அவர் காதில், மச்சான் யார் என்று சொன்னார். சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். கொஞ்சம் யோசித்து மறுபடி திறந்து, 'இயந்திரக் கோளாறு' என்று எழுதினார். தங்கராசு, "இல்ல சார், தப்பு என்னோடது" என்று இரண்டு தரம் சொன்னார். "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருய்யா" என்று அவர் வாயை அடைத்துவிட்டார்கள். செய்த தப்பை ஒப்புக்கொள்ளக்கூட அந்த மனுஷனை விடவில்லை.

ஜீப் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "உன் மேல தப்பு இல்ல, சரி. ஆனா கூட்டத்துல நீயும் நின்னியாமே. நாளைக்கு யாரு என்ன சொல்லுவாங்களோ. நீ அவியலுக்கே போயிடு. பெஞ்சுப் பக்கம் வர வேணாம்."

தப்பு இல்லை என்று நிரூபித்த பிறகு பெஞ்சு வேலை போவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

6. மைக்

அந்த வாரக் கடைசியில் ஊர்த் திடலில் சங்கக் கூட்டம். வெற்றிக் கூட்டம். தாலுகாவிலிருந்து வந்த தோழர், "லாரியின் கழுத்தைப் பிடித்து நிறுத்திய வீராங்கனை" என்று என்னை மேடைக்கு அழைத்தார். சாமந்தி மாலை. கைதட்டு. எங்கள் வீட்டுக்காரர் முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறார். அவரும் நான்தான் வேண்டுமென்றே மாட்டினேன் என்று நம்பியிருந்தார். போலீஸிடம் நடித்துத் தப்பித்துவிட்டேன் என்று ஊர் முழுவதும் சொல்லியிருந்தார்.

மாலையை வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். பொம்பளைகள் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். ஆனால் வாங்கிக்கொண்டால் அந்தப் பல்பை நான் மாட்டினேன் என்று ஆகிவிடும். வாங்காவிட்டால் வீட்டுக்காரர் மானம் போகும்.

மைக்கைக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார்கள், நன்றி சொல்லப் போகிறேன் என்று நினைத்து.

"அந்தப் பல்பை நான் மாட்டல. நான் மாட்டியிருந்தா வண்டி நின்னிருக்காது. எனக்கு வண்டிய நிறுத்தணும்னா ரோட்டுல நின்னு நிறுத்துவேன். பல்ப மாத்தி வச்சு நிறுத்த மாட்டேன். கிடைச்ச கூலி நம்ம கூலிதான். அதுல எனக்குச் சந்தோஷம். மாலை வேணாம்."

கைதட்டு இல்லை. யாரோ ஒரு கிழவர், "இவ திங்கறது மில்லுச் சோறுதானே" என்றார். தோழர் சட்டென்று அடுத்த பேச்சாளரை அழைத்தார். அவர் கெட்டிக்காரர்.

வீட்டுக்குப் போனதும் எங்கள் வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டார். "ஒரு மாலைய வாங்கிக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கக் கூடாதா?"

"நீங்க நடாத நாத்தை நீங்க நட்டதா சொன்னா உக்காந்திருப்பீங்களா?"

"நல்லா விளைஞ்சிருந்தா உக்காந்திருப்பேன்" என்றார். ஆனால் சோறு போட்டபோது சாப்பிட்டார்.

முதலாளியின் ஆள் ஒருவன் அந்தக் கூட்டத்தில் இருந்தான். எந்தக் கூட்டத்திலும் ஒருவன் இருப்பான். நான் பேசியது மறுநாளே மில்லுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கு மேல் தங்கராசு ஹீட் பல்பைத் தொட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். "அது அக்கா வேலைங்க. எனக்குத் தெரிஞ்ச லட்சணத்தைத்தான் எல்லாரும் பாத்தாச்சே." ஒரு வாரத்தில் இரண்டு லாரி மீட்டர் இல்லாமல் நின்றன. முதலாளி என்னைக் கூப்பிடவில்லை. கணக்குப்பிள்ளையை விட்டு, பெஞ்சில் குப்பையாக இருக்கிறது, பாக்கியம் வந்து ஒழுங்கு பண்ணட்டும் என்று சொல்லியனுப்பினார். நான் போய் ஒழுங்கு பண்ணினேன். அதற்குப் பிறகு இருபது வருஷம் ஒழுங்கு பண்ணினேன்.

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். அடுத்தவர் கட்டிய நூலை அறுப்பதற்கு முன்னால் எதற்காகக் கட்டினாய் என்று கேளுங்கள். உங்கள் வேலை என்று பேர் வாங்கினதை எந்தக் கட்சிக்காகவும், நல்லதற்காகக்கூட, கெடுத்துச் செய்யாதீர்கள்.

தை மாசம் சம்பா அறுப்பில் மறுபடியும் ஸ்டிரைக் வந்தது. மிராசுதார் மறுபடியும் எங்கள் மில் லாரியைத்தான் அனுப்பச் சொன்னார். முந்தின நாள் மூன்றாம் நம்பர் வண்டிக்கு நானே பல்பு மாட்டினேன். மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஊருக்கு வந்து, ரோட்டில் எல்லாருக்கும் முன்னால் நின்றேன். எங்கள் வீட்டுக்காரர் எனக்கு இரண்டடி பின்னால் நின்றார்.

காதர் பாய் வண்டியை என் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினார். நான் பக்கவாட்டில் போய்ப் படியில் ஏறி மீட்டரை எட்டிப் பார்த்தேன்.

"என்ன தங்கச்சி பாக்குற?"

முள் சரியாக நடுவில் நின்றது. இறங்கிப் போய் மறுபடியும் ரோட்டில் நின்றுகொண்டேன்.